தண்ணீர் நிற்கக் கூடாத வட்டை

கலியாணத்துக்குப் பெண் பார்க்கப் போன அன்றுகூட உதயரூபன் மாஸ்டர் இவ்வளவு உற்றுப் பார்த்தவரல்ல. முற்றத்து மணலில் மூன்று துண்டுப் புல்லை விரித்து வைத்துவிட்டு, குந்தியிருந்து ஒவ்வொன்றையும் தடவுவதும் மணந்து பார்ப்பதும், மாட்டுக்குப் பல் பார்ப்பவர்போல இழையை விரித்துப் பார்ப்பதுமாக இருந்தார். மூன்றும் மண்ணில் முளைக்காத புல். காத்தான்குடிக் கச்சி முகம்மது தன் கடை வான் வண்டியில் கொண்டுவந்து இறக்கியவை.

பெரியகல்லாற்றுப் பள்ளிக்கூடம் ஒன்றில் மாஸ்டர் விளையாட்டு வாத்தியார். பென்சனுக்குக் கிட்ட வந்துவிட்டார். சுவிஸில் இருக்கும் பழைய மாணவர்கள் பள்ளிக்கூடத்துக்குச் செயற்கைப் புல் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஒரே ஓர் இடத்துக்குத்தான் அவர்களால் ஏலும். எந்த இடத்துக்கு, எந்தப் புல் என்பதை மாஸ்டரே தீர்மானிக்கட்டும் என்று பொறுப்பை இவர் தலையில் கட்டிவிட்டார்கள். அவர்களில் பாதிப்பேர் இவருடைய விசிலுக்கு ஓடியவர்கள். மறுத்துப் பேசுவார்களா?

"இது புட்போலுக்கு," என்று கச்சி முகம்மது நீளமான இழையுள்ள துண்டைக் காட்டினார். "இழைக்கு நடுவால மணலும் கறுத்த றப்பர்க் குறுணலும் கொட்டோணும். அப்பதான் பூட்ஸ் பிடிக்கும், விழுந்தாலும் நோகாது."

"நெட்போலுக்கும் இதையே போட்டா என்ன?"

"நான் செல்றன் கேளுங்க மாஸ்டர். நெட்போல்காரி நிண்ட நிலையில கிறுகித் திரும்புறவ. இந்த நீட்டுப் புல்லுல அவட கால் மாட்டும், முழங்கால் பிரண்டுபோகும். அவக்கு இந்தக் கட்டைப் புல்லுதான். கிரிக்கெட் பிச்சுக்கு எண்டா இதவிடக் கட்டை. எல்லாத்துக்கும் ஒண்டு எண்டு ஆசைப்பட்டா ஒண்டுக்கும் உதவாது."

"மற்றது?"

மூன்றாவது துண்டு அடர்த்தியாகவும் மெதுவாகவும் இருந்தது. இழைகளின் அடியில் சுருள் சுருளாகப் பழுப்பு நிறத்தில் இன்னொரு படை. "இது சின்னப் புள்ளைகள் விளையாடுற இடத்துக்கு. இதுக்கு றப்பர்க் குறுணல் கூடாது, அதுகள் எடுத்து வாயில போடும். அடியில பஞ்சுத் தகடு விரிக்கோணும். சறுக்குமரத்தில இருந்து விழுந்தாலும் மண்டை தப்பும்."

அஜந்தா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். மாஸ்டரின் மனைவி, அதே பள்ளிக்கூடத்தில் முதலாம் ஆண்டு ரீச்சர். கச்சி முகம்மது சொன்ன கடைசிப் பேச்சு அவள் காதில் விழுந்ததுதான் தாமதம், தட்டை வைத்த கையோடு மூன்றாவது துண்டின் பக்கத்தில் இருந்துவிட்டாள்.

"இது நல்லாயிருக்கே," என்றாள்.

"அது உனக்கில்ல," என்றார் மாஸ்டர். "நாங்க புட்போலுக்குத்தான் பாக்குறம்."

"நாங்க எண்டா ஆர்?"

கச்சி முகம்மதுவுக்கு நாற்பது வருட வியாபாரம். புருசன் பெண்சாதிக்கு நடுவில் எப்போது எழும்ப வேண்டும் என்று தெரிந்த மனிதர். தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "யோசிச்சு வைங்க, மறுகா போன்ல கோல் எடுங்க," என்று வான் வண்டியில் ஏறிவிட்டார்.

மாஸ்டரின் ஆசையிலும் நியாயம் இருந்தது. கல்லாற்று மணலில் கணுக்கால் புதையப் புதையப் பந்தடித்த பெடியன்களை ஏற்றிக்கொண்டு ஊரூராகப் போனவர். மாகாணப் போட்டிக்குப் போன இடங்களில் பச்சைப் பசேலென்று புல்லுத்தரை கிடக்கும். மணலில் பழகிய பிள்ளைகள் அதில் சறுக்கிச் சறுக்கி விழுவார்கள். எதிர்ப்பக்கத்தார் சிரிப்பார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு சத்தம் இருக்காது. ஒருநாளைக்கு நம்மட ஊரிலும் ஒரு புல்லுத்தரை என்று அந்தப் பஸ்களில் இருந்து நினைத்த நினைப்பு இப்போதுதான் வாசல்வரை வந்திருக்கிறது. அதை அஜந்தா ஒரு பேச்சில் தட்டிவிடப் பார்த்தால் அவருக்கு எப்படி இருக்கும்?

மத்தியானம் வெயில் உச்சிக்கு வந்தபோது அஜந்தா செருப்பைக் கழற்றிவிட்டு முற்றத்தில் இறங்கினாள். கறுத்தக் குறுணல் கொட்டியிருந்த புட்போல் துண்டில் ஏறி நின்றாள். நின்ற வேகத்திலேயே துள்ளி இறங்கினாள்.

"இஞ்சாருங்க, இதில ஏறி நில்லுங்க பாப்பம்."

"பூட்ஸ் போட்டுத்தானே விளையாடுவானுகள்."

"என்ட புள்ளைகள் பூட்ஸ் போடுமா? சப்பாத்தையே வாசலில கழட்டி வெச்சிட்டு ஓடுதுகள்."

"உன்ட புள்ளைகளுக்கு இது இல்லையெண்டு எத்தின தரம் சொல்றது?"

அன்று மணலை மீன் குழம்பும் முருங்கையிலைச் சுண்டலும். மாஸ்டருக்கு மணலை என்றால் உயிர். இருந்தும் இரண்டாந்தரம் சோறு கேட்கவில்லை. அஜந்தாவும் போடவா என்று கேட்கவில்லை. வீட்டில் சண்டை என்றால் அந்த வீட்டில் அவ்வளவுதான். சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கத் தெரியாத சனம்.

இதில் இன்னொன்றும் இருந்தது. அந்த வீடும் வளவும் அஜந்தாவின் சீதனம். மட்டக்களப்பில் பெண்ணுக்குத்தான் வீடு, பெண்ணுக்குத்தான் காணி. ஆண்பிள்ளை கட்டிய துணியோடு பெண்சாதி வீட்டுக்கு வந்து குடியிருக்க வேண்டியவன். மாஸ்டர் வரும்போது கொண்டுவந்தது ஒரு சைக்கிளும் ஒரு விசிலும். முப்பது வருடமாக அஜந்தா ஒருநாளும் அதைச் சொல்லிக்காட்டியவள் அல்ல. சொல்லாவிட்டால் என்ன? வேலி கட்டுகிறபோதும், தென்னம்பிள்ளை வைக்கிறபோதும், "இவடத்த வைக்கட்டா?" என்று கேட்டுத்தான் அவர் மண்வெட்டியை எடுப்பார்.

அவர் பிறந்த மண் கரடியனாறு. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், அப்பாவுக்கு மாரி மழைக்கு விதைக்கிற ஒரு முன்மாரி வட்டை இருந்தது. பெரிய வயல் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த வட்டையைப்போல மட்டமாகக் கிடந்த நிலம் அந்தப் பக்கத்தில் இல்லை. உழுது, தண்ணீர் கட்டி, எருமையின் பின்னால் பலகையை இழுத்து மட்டம் பண்ணுகிற வேலை உதயரூபனுடையது. தண்ணீர் கட்டினால் நிலம் தன் குற்றத்தைத் தானே சொல்லும். மேடு தலையை நீட்டும், பள்ளம் இருண்டு கிடக்கும். மேட்டை வழித்துப் பள்ளத்தில் போட்டுப் பலகையடித்து விட்டால், விடியற்காலையில் வானம் முழுக்க வட்டைக்குள் வந்து கிடக்கும். கொக்கு வந்து இறங்கும். சேற்று மணமும் எருமை மணமும் கையில் ஒட்டிக்கொண்டிருக்க, வரம்பில் இருந்து பழஞ்சோறும் தயிரும் தின்ற காலம் அது. அதைவிட நல்ல காலம் தனக்கு வாய்க்கவில்லை என்பதை மாஸ்டர் யாருக்கும் சொன்னதில்லை. அஜந்தாவுக்குச் சொல்லாதது, சொன்னால் அது நன்றிகெட்ட வேலையாகிவிடும் என்ற பயத்தில்.

தங்கச்சி சீதேவிக்குக் கலியாணம் பேசியபோது வட்டை சீதனமாய்ப் போயிற்று. அது முறை. அவர் மனம் கோணவுமில்லை. ஆனால் தங்கச்சியின் சீதனத்தில் அண்ணன் கால் வைத்தால், ஆசை விடவில்லை என்று ஊர் பேசும். அதனால் கரடியனாற்றுக்குப் போகிற வேளையெல்லாம் தங்கச்சி வீட்டில் சாப்பிட்டுவிட்டு, வட்டைப் பக்கம் தலையைத் திருப்பாமல் பஸ் ஏறி வந்துவிடுவார். இப்படியே ஆட்கள் கிழவராகிவிடுகிறார்கள்.

புல்லுப் பிரச்சினை தீர்ந்தது பள்ளிக்கூடத்து இடைவேளையில். அஜந்தா வாதாடவில்லை. "ஒருக்கா வந்து பாத்திட்டுப் போங்க," என்று மட்டும் சொல்லி முதலாம் ஆண்டு வகுப்பின் பின்பக்கத்துக்குக் கூட்டிப்போனாள். மைதானத்தில் பெரிய பெடியன்களின் பந்து பறந்துகொண்டிருந்தது. சின்னதுகள் எல்லாம் சுவரோரம் ஒட்டிக்கொண்டு, நிழல் இருந்த அளவுக்குள் நின்று விளையாடின. நிழலுக்கு வெளியே மணல் கொதித்தது. நெருஞ்சி முள் வேறு. நஸ்ஹா என்ற குட்டி, ஓட்டமாவடியிலிருந்து தாயின் வேலை மாற்றத்தோடு வந்து சேர்ந்த பிள்ளை, பந்து ஒன்றைத் துரத்திக்கொண்டு நிழலைத் தாண்டி ஓடியது. ஓடியதும் ஒற்றைக்காலில் நின்று அழுதது. பிறகு தானே முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பந்தை விட்டுவிட்டு, சுவரோரம் வந்து நின்றுகொண்டது.

அந்தப் பந்தை எடுத்துக் கொடுக்கப் போன மாஸ்டர், எடுத்துக் கொடுத்துவிட்டு, வரும் வழியில் கிடந்த நெருஞ்சி முள்ளைப் பொறுக்கிக்கொண்டு வந்தார்.

அன்று பின்னேரம் சுவிஸுக்கு அவரே கோல் எடுத்தார். எதிர்முனையில் பழைய கோல்காப்பாளன் அழகரத்தினம்.

"சேர், புட்போல் எண்டுதானே எல்லாரும் நினைச்சிரிக்கம்?"

"நானும் அதைத்தான்டா நினைச்சன். பெரிய பெடியனுகளுக்கு மணல் கிடக்கு. மணலில ஓடித்தானே நீயெல்லாம் ஆளானாய். சின்னதுகளுக்குத்தான் கால் வைக்க இடமில்ல. வாற வருசம் புதுப் புள்ளைகளை வரவேற்கிற கால்கோள் விழாவுக்கு அதுகள் புல்லில நிக்கோணும்."

"உங்கட ஆசை என்ன சேர் ஆகிறது?"

"ஆசை கிடக்கு, விடு. ஒண்டு மட்டும். நிலம் நான்தான் திருத்துவன். வேற ஒருத்தரும் கை வைக்கப்படாது."

அஜந்தா குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுக்கு அன்று இறால் பொரித்தாள்.

நிலம் திருத்தத் தொடங்கிய நாளிலிருந்து மாஸ்டர் வேறு ஆளாகிவிட்டார். பள்ளிக்கூடம் விட்டதும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். மணலுக்கு மேலே போட உழவு இயந்திரத்தில் கிரவல் வந்தது. எங்கேயிருந்து? கரடியனாற்றுப் பக்கத்திலிருந்து. அந்தச் சிவந்த மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்தவர் நெடுநேரம் கீழே போடவில்லை. சுற்றிவரக் கொங்கிறீட்டில் தாழ்வான கட்டு ஒன்று எழுப்பினார். அதற்கு அவர் வைத்த பெயர் வரம்பு. உருளை கொண்டுவந்து கிரவலை இறுக்கினார். பிறகு தண்ணீர் பவுசரைக் கொண்டுவந்து தண்ணீர் கட்டினார். மேடு பார்த்தார், பள்ளம் பார்த்தார், பலகை இழுத்தார், மறுபடி தண்ணீர் கட்டினார். கல்லாற்றுச் சனம் கடலும் வாவியும் அறிந்த சனம். வயல் வேலை அவர்களுக்கு விளங்காது. வேலிக்கு வெளியே நின்று, "மாஸ்டருக்குள்ள இப்பிடியொரு வேலைக்காரன் கிடந்திருக்கானே," என்று அதிசயப்பட்டார்கள்.

கச்சி முகம்மது வந்து பார்த்தார். சுற்றி நடந்தார். தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

"மாஸ்டர், நல்ல வேலை. ஆனா நடுவுல கொஞ்சம் உசத்தி, ஓரத்துக்குச் சரிச்சு விடோணும். கொங்கிறீட் கட்டுலயும் தண்ணி போக வழி வைக்கோணும்."

"நிலத்தைச் சரிச்சு வைக்கிறதா?" மாஸ்டர் சிரித்தார். கச்சி முகம்மதுவை அண்ணன் முறைக்கு நானா என்றுதான் அவர் கூப்பிடுவார். "உங்களுக்குப் புல்லு தெரியும், நானா. எனக்கு நிலம் தெரியும். எங்கட பக்கத்தில சரிவா நிலம் திருத்துறவனுக்கு ஒருத்தன் பொண்ணு குடுக்கமாட்டான்."

"பொண்ணு குடுக்குறதுக்கில்ல மாஸ்டர், மழை பெஞ்சா..."

"கடல் மணல் நானா. தண்ணி நிக்குமா?"

அது மணலாய் இருந்த மட்டும் உண்மை. அதன்மேல் இறுக்கிய கிரவலையும் கொங்கிறீட் வரம்பையும் போட்டதை மாஸ்டர் மறந்துபோனார். தெரியாமல் செய்த பிழை அல்ல. கை தனக்குப் பழகிய வேலையைச் செய்தது; கண் அதைப் பார்த்துச் சந்தோசப்பட்டது. புத்திக்கு அங்கே வேலையே இருக்கவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்குவதற்குச் சரிவே தேவைப்படவில்லை இவருக்கு.

பஞ்சுத் தகடு விரித்தார்கள். அதன்மேல் புல்லை உருட்டி விட்டார்கள். பொருத்துகளை ஒட்டினார்கள். கடைசித் துண்டும் ஒட்டி முடிந்த அன்று அஜந்தா வெறுங்காலோடு அதன் நடுவில் போய் நின்று, "மெத்தை மாதிரிக் கிடக்குகா," என்றாள். வாகைமர நிழல் சரிந்து புல்லின்மேல் விழுந்தது. மாஸ்டர் வரம்பில் இருந்தார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு மனம் நிறைந்து இருந்தார்.

கால்கோள் விழாவுக்கு முதல்நாள் மழை பிடித்தது. தை பிறந்தும் வாடை விடாத வருடம் அது. விடியத் தொடங்கிய மழை ஓயவேயில்லை. சீதேவி விழாவைப் பார்க்கவென்று கரடியனாற்றிலிருந்து தயிர்ச் சட்டியோடு வந்து இறங்கியவள், நனைந்த சேலையைக்கூட மாற்றவில்லை. அதற்குள் பள்ளிக்கூடத்துக் காவற்காரர் குடையில்லாமல் ஓடிவந்தார்.

"மாஸ்டர், புல்லு மிதக்குது!"

மூன்று பேரும் போய்ச் சேர்ந்தபோது, வெண்ணெய் திரள்கிற நேரத்தில் தாழி உடைந்த கதைதான். கட்டுக்குள் தண்ணீர் ததும்பி நின்றது. அடியில் கிடந்த பஞ்சுத் தகடு தண்ணீரில் கிளம்பி, புல்லையும் தூக்கிக்கொண்டு நடுவில் பெரிய வயிறாக எழும்பியிருந்தது. ஒரு பொருத்து வாய் பிளந்திருந்தது. மழைத்துளி விழ விழ அது அசைந்தது.

அதிபர் வகுப்பறை வாசலில் தலையில் கை வைத்தபடி நின்றார். விழாவுக்குக் கட்டிய தோரணம் நனைந்து தொங்கியது. நாளைக்குப் புதுச் சப்பாத்தோடும் தாயின் விரலோடும் வரப்போகிற பிள்ளைகளை எங்கே நிறுத்துவது?

மாஸ்டர் இரும்பு அலவாங்கை எடுத்துக்கொண்டு கட்டருகே இறங்கினார். தான் எழுப்பிய வரம்பைத் தானே இடித்தார். கொங்கிறீட் இலேசில் உடையவில்லை. அடிக்க அடிக்க அவருக்கு மூச்சு வாங்கியது. அஜந்தா குடையைப் பிடித்துக்கொண்டு கிட்டப் போனாள்.

"மெதுவா. நெஞ்சு நோகப்போகுது."

"விடு. நானா அப்பவே சொன்னார். நான்தான் கேக்கல்ல. புள்ளைகளிட புல்லைப் பழுதாக்கிப் போட்டன்."

கட்டு உடைந்தது. தண்ணீர் சிவப்பாய்ப் பாய்ந்து மணலுக்குள் இறங்கியது. தண்ணீர் வடிய வயல் வரம்பில் வக்கடை வெட்டிவிட்டால் வருகிற அதே சத்தம். சீதேவிக்கு அந்தச் சத்தம் தெரியும். உடைந்த கட்டையும், நாலு பக்கமும் ஒரே சீராய்க் கிடந்த நிலத்தையும் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிற்று.

"அண்ணன்," என்றாள். "நீ இவடத்த வட்டையில்லையா செய்து வெச்சிரிக்காய்."

மாஸ்டர் அலவாங்கைக் கீழே போட்டார். "ஓம் தங்கச்சி," என்றார். "தெரிஞ்சு செய்யல்ல. கை அப்பிடிப் போயிற்று. தண்ணி கட்டி மட்டம் பாத்து எவ்வளவு காலம்! எனக்கெண்டு ஒரு துண்டு நிலம் திருத்த ஆசையா இரிந்திச்சு."

அஜந்தா குடையைத் தாழ்த்தினாள். முப்பது வருடத்தில் இந்த மனிதர் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சை அவள் கேட்டதில்லை. கோபம் வரவில்லை. கேட்காமல் இருந்துவிட்டோமே என்றுதான் இருந்தது.

"வட்டை எங்க போயிற்று, அவடத்ததானே கிடக்கு," என்றாள் சீதேவி. "என்ட புருசனுக்கும் வயல் வேலை தெரியாது, எனக்கும் தெரியாது. நீ வருவாய் வருவாய் எண்டு பாத்தன். தங்கச்சிட சீதனத்தில அண்ணன் கால் வைக்கமாட்டான் எண்டு சனம் சொல்லிச்சு. மறுகாதான் குத்தகைக்கு விட்டன்."

"ஒரு சொல்லுக் கேட்டிருந்தா வந்திருப்பன்."

"ஒருக்கா வந்திருந்தா கேட்டிருப்பன்."

மழை இருவர் முகத்திலும் அடித்தது. அஜந்தா குடையைச் சீதேவியின் தலைக்கு மேலே பிடித்தாள்.

"குத்தகை முடிய அவர் வருவார், மச்சாள்," என்றாள். "நான் அனுப்புறன்."

கச்சி முகம்மதுவுக்குக் கோல் போயிற்று. அந்த மனிதர், "நான் அப்பவே செல்லல்லயா," என்று கேட்கவில்லை. அதற்காகவே அவரைக் கும்பிடலாம். "புல்லுக்கு ஒண்டும் ஆகாது மாஸ்டர். சுருட்டிக் காயப் போடுங்க. பொருத்து நான் வந்து ஒட்டுறன். நீங்க நிலத்தை மட்டும் சரிச்சு வைங்க," என்றார். அதிபர் விழாவை அடுத்த கிழமைக்குத் தள்ளி வைத்தார்.

மறுநாள் மழை விட்டு வெயில் எறித்தது. புல்லைச் சுருட்டிக் கட்டோரம் போட்டுவிட்டார்கள். கிரவல் ஈரமாய், சிவப்பாய், கண்ணாடிபோல மட்டமாய்க் கிடந்தது. மாஸ்டர் பலகையோடு நடுவில் நின்றார். நின்றவர் நின்றபடியே நின்றார். இவ்வளவு அழகாய் மட்டம் பார்த்த நிலத்தில் எந்த இடத்தில் கை வைத்துக் கெடுப்பது?

சீதேவி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கட்டைத் தாண்டி உள்ளே இறங்கினாள். வட்டைக்குச் சொந்தக்காரி, பலகை பிடித்தறியாதவள். பெண்பிள்ளை சேற்றில் இறங்க அப்பா விட்டதில்லை.

"இதை எப்பிடிப் பிடிக்கிறது அண்ணன்? காட்டித் தா."

அவர் அவள் கையை எடுத்துப் பலகையின் மறுமுனையில் வைத்தார். "இழுக்கையில உன்ட பக்கம் அமத்திப் பிடி. வாவிப் பக்கம் தாழோணும். தண்ணி நிக்கப்படாது."

இருவரும் இழுத்தார்கள். மண் வழிந்து கொடுத்தது. அவருக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை. வகுப்பு யன்னலில், அஜந்தாவோடு இரண்டாம் ஆண்டுக்கு ஏறிவிட்ட பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தன. "மாஸ்டர் அழுறார் ரீச்சர்," என்றது நஸ்ஹா.

"ஓம் புள்ள," என்றாள் அஜந்தா. "உங்களுக்கு இடம் செய்றார்."